இடது காதில் சொன்னது

இந்த ஹெட்போனும் பழுதுதான் போலிருக்கிறது. வலது பக்கம் பாடுகிறது, இடது பக்கம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முதலில் கொடுத்ததும் இப்படித்தான். அதைக் கழற்றி வைத்துவிட்டேன், ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் இந்தக் கடைப்பெண் என்னைக் குறை பிடிக்கிற பொம்பளை என்று நினைக்கும். ஆனால் இவ்வளவு பெரிய கடை, கண்ணாடிக் கதவு, உள்ளே நுழைந்ததும் முதுகில் ஏசிக் காற்று, இதில் தொட்டதெல்லாம் ஒரு பக்கம் ஊமையாக இருக்குமா. என் செருப்பைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து பழசை எடுத்து வந்து கொடுக்கிறார்களோ. மகள் சுபா கூட வந்திருந்தால் கேட்டிருப்பாள். அவள் வெளியே ஸ்கூட்டியில் உட்கார்ந்திருக்கிறாள், வாசலில் வண்டியை விட்டுவிட்டு வந்தால் போலீஸ்காரர் தூக்கிக்கொண்டு போய்விடுவாராம். "நீ போயி உனக்குப் புடிச்சதா ஒண்ணு எடுத்து வைம்மா, நான் போன்லயே பணம் அனுப்பிடறேன்" என்றாள். எனக்குப் பிடித்தது. பிடித்தது என்று எதையாவது எடுத்து எவ்வளவு காலமாயிற்று. புடவைகூடச் சாயம் போகுமா என்று பார்த்துத்தான் எடுக்கிறேன். கடைப்பெண்ணுக்கு ஜலதோஷம். மூக்கையும் வாயையும் மூடி முகக்கவசம் போட்டிருக்கிறது, அதற்குள்ளிருந்து என்னவோ கேட்கிறது. நான் "ம்" என்கிறேன். அது காத்திருக்கிறது. மறுபடியும் "ம்" என்கிறேன், கொஞ்சம் சிரித்துக்கொண்டு. அது முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ம்னா எதுங்க்கா? எந்த மாதிரி சத்தம் புடிக்கும்னு கேட்டனுங்க. பேஸ் தூக்கலா திம்முதிம்முனு இருக்கோணுமா, பேச்சு தெளிவா இருக்கோணுமா?" என்றது. உதடு தெரிந்ததும் எல்லாம் கேட்டுவிட்டது. முகக்கவசம்தான் காரணம். துணிக்குள் பேசினால் யாருக்குக் கேட்கும்.

எந்த மாதிரி சத்தம் பிடிக்கும். இத்தனை வயதில் இதை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. உப்பு போதுமா, உறைப்பு போதுமா என்று நான்தான் மற்றவர்களைக் கேட்டிருக்கிறேன். ஆறாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்குள் போனவளுக்குச் சத்தம் என்றால் ஒன்றுதான், காலையில் மெயினைப் போட்டதும் கிளம்பி, அணைக்கிறவரை நிற்காதது. எனக்கு ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின். என் இடப்பக்கத்தில் எப்போதும் மடிப்பு தைக்கிற பேட்லாக் மெஷின், எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் அங்கேயும் என் இடப்பக்கத்தில் அதுதான் வந்து வாய்த்தது, தலைக்குள்ளேயே தைக்கிறமாதிரி ஓடும். அந்தச் சத்தத்துக்குள் நாங்கள் பேசுவோம். வாயை அகலமாகத் திறந்து, தொண்டையிலிருந்து ஒன்றும் வராமல், உதட்டாலேயே. சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் நின்றிருப்பார், அவருடைய தொப்பையைப் பற்றி எதிரெதிர் மெஷினில் ஒரு கதையே ஓடிக்கொண்டிருக்கும். சுபா சின்னதிலேயே இதை என்னிடம் கற்றுக்கொண்டுவிட்டாள். அவளுடைய அப்பா குனிந்து சாப்பிடும்போது அவர் தலைக்கு மேலே உதட்டால் "ரசத்துல உப்பே இல்ல" என்பாள், நான் சிரித்துவிடுவேன், அவர் நிமிர்ந்து "ஆத்தாளும் மகளும் என்ன, ஊட்டுக்குள்ளயே கம்பெனி நடத்தறீங்களா?" என்பார். எனக்குப் பேச்சுதான் பிடிக்கும். பாட்டெல்லாம் அப்புறம். டிவியில் ஒருத்தி அழுவதற்கு முன்னால் மூச்சை உள்ளே இழுப்பாளே, அந்தச் சின்ன இழுப்பு, அது பிடிக்கும். இப்போதெல்லாம் அது வருவதில்லை. எடுத்த எடுப்பில் அழுகைதான். நடிக்கத் தெரியாதவர்களையெல்லாம் கொண்டு வந்து நிறுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அந்த இழுப்பு எங்காவது அகப்படுமா என்று சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைக்கிறேன். "மாராத்தா, பக்கத்து ஊட்டுக்காரங்க அவங்க டிவியவே போடறதில்லையாம். நம்மளதக் கேட்டுக்கிட்டே சோறாக்கறாங்களாம், கரண்டு மிச்சமாம்" என்கிறார் வீட்டுக்காரர். அதில்கூட வருத்தமில்லை. சுபா எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையைச் சாயங்காலத்தில் வீட்டிலிருந்தே பார்க்கிறாள், வெளிநாட்டுக்காரனோடு போனில் பேசும்போது நடுவில் என் சீரியல்காரி ஓலமிட்டாளாம், அந்த ஆள் வீட்டில் ஏதாவது துக்கமா என்று கேட்டானாம். அதற்குத்தான் இந்த ஹெட்போன். கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இப்போது கொஞ்ச காலமாக எதற்கும் சிரிக்கிறாள். அதுவும் பயமாக இருக்கிறது.

"பேச்சு," என்றேன். "பேச்சு தெளிவாக் கேக்கோணும் கண்ணு." அது ஒன்றை எடுத்து வந்தது. போட்டுப் பார்த்தேன், இதிலும் இடது பக்கம் ஊமை, கழற்றி உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு பக்கம் எல் என்று எழுதியிருக்கிறது. இன்னொரு பக்கம் ஆர். வார்த்தையாகப் படிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்து தெரியும், பனியன் கழுத்தில் வைத்துத் தைத்த எழுத்துதானே, எஸ், எம், எல், எக்ஸெல். சின்னது, நடுத்தரம், பெரியது, அதைவிடப் பெரியது. ஆர் என்று ஒரு அளவு கிடையாதே. இப்போது புரிகிறது, ஜோடி மாற்றிக் கோத்திருக்கிறார்கள், இடது பக்கத்துக்குப் பெரிய சைஸைப் போட்டுவிட்டார்கள், அது என் காதில் சரியாக உட்காரவில்லை, சத்தம் வெளியே போய்விடுகிறது. கண்டுபிடித்ததில் ஒரு நிம்மதி. "அம்மிணி, இதுல ஒரு பக்கம் லார்ஜ் சைஸு. எனக்கு ரெண்டும் ஒரே அளவாக் குடு." கடைப்பெண் என்னைப் பார்த்தது, எல் எழுத்தைப் பார்த்தது, சிரிப்பை ஜலதோஷத்துக்குள் அடக்கிக்கொண்டது. "அக்கா, எல்னா லெஃப்டுங்க. ஆர்னா ரைட்டு. இடது, வலது. பனியன் கம்பெனிங்களா? எங்கம்மாவும்தானுங்க." எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் நான், "எல்லுப் பக்கம் பேச மாட்டேங்குது கண்ணு" என்றேன். அது வாங்கித் தன் காதில் போட்டுப் பார்த்து, "ரெண்டும் பேசுதுங்களே. எதுக்கும் திருப்பிப் போட்டுப் பாருங்க, ஆரை இடதுல வச்சு. ஹெட்போன்ல கோளாறுன்னா இப்ப வலதுல கேக்கற சத்தம் இடது பக்கம் வந்துருமுங்க" என்றது. முகக்கவசம் இன்னும் தாடையில்தான் இருந்தது. எல்லாம் தெளிவாகக் கேட்டது. ஹெட்போனில் கோளாறு என்றால். இல்லையென்றால் என்று அது சொல்லவில்லை. ஹெட்போன் கையில் இருக்கிறது, திருப்ப ஒரு நொடி ஆகாது, வளையல் மாதிரி லேசாக இருக்கிறது. "அது இருக்கட்டும், அந்தக் கறுப்பை எடு, பாக்கலாம்" என்றேன், கண்ணாடிக்குள் தனியாக வைத்திருந்ததைக் காட்டி.

"அது நீங்க சொன்ன தொகைக்கு மேலீங்க்கா" என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்தது. மெத்தென்று இரண்டு காதையும் முழுதாக மூடியது. அது ஏதோ ஒரு பொத்தானை அழுத்தியது, அவ்வளவுதான், கடை போய்விட்டது. ஏசி போய்விட்டது, கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே வந்த ரோடு போய்விட்டது. கடைப்பெண் என் முன்னால் வாயை அசைக்கிறது. வெளிச் சத்தத்தையெல்லாம் நிறுத்திவிடுமாம், உதட்டில் படித்தேன். உயர்ந்த சரக்காம். கண்ணாடி ஜாடிக்குள் போட்டு மூடின மாதிரி இருந்தது, என் எச்சில் விழுங்குகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. பாக்கியத்தக்கா இதற்குள்தான் இருந்தது. பழைய கம்பெனியில் எனக்கு ஓவர்லாக் ஓட்டச் சொல்லிக்கொடுத்த அக்கா. அதற்குக் காது போனபோது யாரும் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. முதலில் கத்திச் சொன்னார்கள். கத்தி அலுத்துப்போய் ஜாடை காட்டினார்கள். அப்புறம் டமாரம் என்று பேர் வைத்தார்கள், அப்புறம் சொல்வதையே விட்டுவிட்டார்கள். மெஷினிலிருந்து எடுத்து பிசிறு வெட்டுகிற மேஜையில் உட்கார வைத்தார்கள், டீ வந்ததுகூட அதற்கு யாராவது தொட்டால்தான் தெரியும். எதைச் சொன்னாலும் அக்கா "ம்" என்று தலையாட்டும். "டமாரக்கா, உனக்கு நாளைக்குத் தூக்குத் தண்டனையாமா" என்று ஒரு நாள் ஒருத்தி சொன்னாள், அக்கா சிரித்த முகமாக "ம்" என்றது, ஹால் முழுக்கச் சிரிப்பு. அக்கா சேர்ந்து சிரித்தது. கழற்று, கழற்று. கழற்றிவிட்டேன். ரோடு, ஏசி, யாரோ ஒருவர் சார்ஜர் கேட்டுப் பேரம் பேசுவது, எல்லாம் திரும்பி வந்தன. எல்லாம் வலது பக்கமாகவே வந்தன. இது எப்போதும் இப்படித்தானா. "வேண்டாம் கண்ணு, இது மூச்சு முட்டுது" என்றேன். "காதுலதானுங்க்கா போட்டோம்" என்றது அது.

காதில்தான். சரி, ஹெட்போன் பழுது, இரண்டும் பழுது, மூன்றாவதும் பழுது. என் போன் பழுது, அதையும் சொல்லிச் சொல்லி சுபாவைக் கடைக்கு அனுப்பினேன், ரிப்பேர்காரர் பார்த்துவிட்டு இதில் ஒன்றுமே இல்லை என்று திருப்பிக் கொடுத்தார், சரியாகப் பார்க்கத் தெரியாதவர் என்று திட்டினேன். சமைக்கும்போது போனை இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்கிற பழக்கம். சிக்னல் இல்லை, அப்புறம் கூப்பிடு என்று வைத்துவிடுவேன். அண்ணனிடமும் அப்படித்தான் கடைசியாகச் சொன்னேன். அதற்கப்புறம் அண்ணன் கூப்பிடவே இல்லை. வெள்ளகோவிலில் இருந்துகொண்டு தங்கச்சி மகளுக்காக அலைந்து, காங்கயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கிற குடும்பத்தைக் கூட்டி வந்தார், வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருக்கிறது, நாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்கள். ஒரு வார்த்தை சொல்வதற்குள் அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. நானாகக் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. நான் என்ன செய்தேன். காபி சரியில்லையா, வீடு சிறியதாக இருந்ததா. "அவருக்கு ஆயிரம் சோலி" என்கிறார் இவர். சுபாவைக் கேட்டால் "உனக்குத் தெரியாததா?" என்கிறாள், சிரிக்கிறாள். எனக்குத் தெரியாததா. எனக்கு என்ன தெரியும். அன்றைக்கு, அவர்கள் வந்துபோன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மத்தியானம் கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தேன். சுபா பின்னால் வந்து படுத்து, குழந்தையில் போடுகிற மாதிரி என்மேல் காலைப் போட்டுக்கொண்டாள். சீயக்காய் வாசனை. காதில் சூடாக மூச்சு வந்து வந்து போனது. மூச்சு என்றுதான் நினைத்தேன். நான் "ம்" என்றேன், தூக்கக் கலக்கத்தில் பிள்ளைக்குச் சொல்கிறமாதிரி. மூச்சு நின்றது. மறுபடியும் ஏதோ வந்தது, கடைசியில் கொஞ்சம் தூக்கி, கேள்வி மாதிரி. "ம்" என்றேன். அவள் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள், கழுத்து ஈரமானது. புழுக்கம், வேர்த்திருக்கிறது என்று நினைத்தேன். அவள் அழுதிருக்கிறாள். பேசியிருக்கிறாள். எந்தப் பக்கம் ஒருக்களித்திருந்தேன். எப்போதும் போலத்தான், வலது கையை மடக்கித் தலைக்குக் கொடுத்து. அப்படியானால் வலது காது கைக்குள். மேலே இருந்தது எது. அதில்தான் சொன்னாள். அன்றிலிருந்துதான் சிரிக்கிறாள். நான் எதற்கு "ம்" சொன்னேன்.

திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். திருப்பாமல் போனால் ஹெட்போன் பழுது என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம், போன் பழுது, டிவி பழுது, நடிக்கிறவர்கள் சரியில்லை, யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. நன்றாக ஓடும் இன்னும் கொஞ்ச காலம். ஆனால் அந்த "ம்" எங்கோ போய் ஏதோ செய்துகொண்டிருக்கிறது. நான் இங்கே ஏசியில் நிற்க நிற்க அது செய்துகொண்டே இருக்கிறது. பிள்ளை ஒருத்தனைப் பற்றிச் சொன்னாளோ. ஏதாவது வியாதியோ. அம்மாவிடம் சொல்லியாயிற்று என்று அவள் நிம்மதியாக இருக்கிறாள், அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அந்த வளையல் மாதிரி இருந்ததை எடுத்தேன். ஆர் எழுத்தை இடது காதுக்குக் கொண்டு வந்தேன், கொண்டை இடித்தது, சரிசெய்தேன். கடைப்பெண் பாட்டைப் போட்டது. பேசவே பேசாது என்று நான் சொன்ன எல், வலது காதில், ஒரு பிசிறில்லாமல் பாடியது. ஆர் இருந்த பக்கம் பஞ்சு மட்டும் இருந்தது. பஞ்சு காதில் படுவது தெரிந்தது. அவ்வளவுதான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஷிஃப்டு முடிந்து மெயினை அணைக்கும்போது தோளில் வந்து உட்காருமே, அந்த அலுப்புதான் வந்தது. "இப்ப எப்படீங்க?" என்றது அது. உதட்டில் கொஞ்சம் இரக்கம் இருந்தது, நான் பார்க்காத மாதிரி இருந்தேன். "நல்லா இருக்குது. இதே இருக்கட்டும்." "இது கொறஞ்ச விலைதானுங்க்கா, ஆனா பஞ்சு மெல்லிசு. ஊட்டுல யாராச்சும் பேசினா அதுவும் உள்ள வந்துரும். அதொண்ணுதான் இதுல கொறை." "அது வரட்டும் கண்ணு," என்றேன். "அது வரோணும்."

சுபா இன்னும் ஸ்கூட்டியில்தான் இருந்தாள், ஹெல்மெட் முன்னால் மாட்டியிருந்தது. "பணம் அனுப்பிட்டேன். எதும்மா எடுத்தே, காட்டு" என்று கையை நீட்டினாள். நான் வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அவள் என் வலப்பக்கம் வருகிறமாதிரி நின்றேன். வெயில் முகத்தில் அடித்தது. "அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, தண்ணி வாத்துக்கிட்டுப் படுத்திருந்தேனே. அப்பச் சொன்னியே ஒண்ணு. அதை இன்னொருக்காச் சொல்லு." அவள் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு இறங்கியது. கொஞ்ச காலமாக என்னைப் பயமுறுத்திய சிரிப்பு, போனதும்தான் அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று தெரிந்தது. "எதுக்கும்மா இப்ப? மனசு மாறிட்டியா?" "மாறல. சொல்லு. இந்தப் பக்கமிருந்தே சொல்லு." "எந்தப் பக்கம்?" நான் இடது காதைத் தொட்டேன். "இதுல கேக்கறதில்ல கண்ணு. கடையிலதான் தெரிஞ்சுது." அவள் என் கையில் இருந்த பையைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். இத்தனை நாள் அந்தக் காதுக்கு என்னவெல்லாம் சொன்னோம் என்று அவள் மனதுக்குள் தேடுவது கண்ணில் தெரிந்தது, வண்டியில் போகும்போது, அடுப்படியில், முதுகுக்குப் பின்னால். "அப்ப அன்னைக்கு ம்னு சொன்னே?" "சொன்னேன்." "கேக்காமயேவா?" ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அம்மா! அதை நம்பித்தானே மாமனுக்கே போன் பண்ணுனேன். காங்கயம் வேண்டாம், எங்கம்மாகிட்டக் கேட்டுட்டேன், அம்மா சரின்னுட்டாங்கன்னு சொல்லிட்டேனே! நீங்க ஆத்தாளும் மகளும் ஒண்ணுன்னு சொல்லிப் போனை வச்சுட்டாரே! உனக்குத் தெரியும், நீதான் மாமன்கிட்டப் பேசிச் சமாளிக்கறேன்னு நெனச்சு..." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "முழுசாச் சொல்லு. இப்பக் கேக்குது."

சொன்னாள். கிட்டே வந்து, வலது காதில், அன்றைக்குச் சொன்ன அதே வரிசையில்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். கல்யாணம் இப்போது வேண்டாம். அந்தப் பையன் மேல் குறை ஒன்றும் இல்லை. பெங்களூரில் கம்பெனி புதிதாக ஆபீஸ் போடுகிறது, அவள் வேலையைப் பார்த்துவிட்டு அவர்களாகவே கூப்பிடுகிறார்கள். ஒரு நாள் உன் மாதிரி மெஷின் முன்னாலோ, அந்த மில்காரர் வீட்டு அடுப்பு முன்னாலோ உட்காருவதற்கு முன்னால் ஒரு தடவை எனக்குப் பிடித்ததாக ஒன்றை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். "போகட்டுமாம்மா?" கடைசியில் குரல் கொஞ்சம் தூக்கியது. கட்டிலில் மூச்சாக வந்தது இதுதான். அன்றைக்கு இது கேட்டிருந்தால் நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன். அண்ணன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றிருப்பேன், தலையில் அடித்துக்கொண்டிருப்பேன், வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருப்பேன், சாயங்காலத்துக்குள் இவளை அழ வைத்துச் சம்மதிக்க வைத்திருப்பேன். என்னால் முடியும், எனக்குத் தெரியும். கேட்காததனால்தான் இவள் இத்தனை நாள் சிரித்துக்கொண்டு இருந்தாள். இவள் போய்விட்டால் வீட்டில் பேச்சு என்று என்ன இருக்கும். இந்தப் பஞ்சு வழியாக உள்ளே வருவதற்கு என்ன இருக்கும். அவர் இருக்கிறார், ரசத்தைப் பற்றி ஏதாவது சொல்லுவார். மீதி இருக்கிற காது எவ்வளவு காலத்துக்கோ, அதற்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும், இனிமேல் பார்க்காமல் இருக்க முடியாது. அண்ணனிடம் நான்தான் பேச வேண்டும், வலது காதில் போனை வைத்துக்கொண்டு, அவர் திட்டுவது அத்தனையும் கேட்கும். அலுப்பாக இருந்தது. சுபா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றேன். அதே நேரம் தாராபுரம் பஸ் ஒன்று எங்கள் பக்கமாக ஒடித்து, ஹாரனை அழுத்தினது அழுத்தினபடி நின்றது. "என்னம்மா? கேக்கல!" என்று அவள் கத்தினது உதட்டில் தெரிந்தது. இன்னொரு "ம்" சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாயை அகலமாகத் திறந்து, தொண்டையிலிருந்து ஒன்றும் வராமல், எதிர் மெஷினுக்குச் சொல்கிறமாதிரி, எழுத்தெழுத்தாகச் சொன்னேன். போயிட்டு வா. பஸ் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. சுபா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளும் சத்தமில்லாமல், வாயை அகலமாகத் திறந்து பதில் சொன்னாள். கேட்டுருச்சும்மா.